தீனி வைக்கும் கை



தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரிலிருந்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். தென்பெண்ணை பக்கத்தில் ஓடினாலும், ஈச்சம்பாடியில் அணைக்கட்டு இருந்தாலும், மழை பொய்த்த ஆண்டில் எங்கள் பகுதிக் குடும்பங்களைக் கைவிடாமல் காப்பது கால்நடைதான். விடிவதற்கு முன்பே எழுந்து, கொட்டகையைக் கூட்டி, சாணி வாரி, தண்ணீர் காட்டி, தீனி வைத்துவிட்டுத்தான் இங்கே பெண்கள் அடுப்புப் பக்கம் போகிறார்கள். சந்தையில் விலை பேசும்போது கயிறு ஆண் கையில் இருக்கும். அந்த மாட்டுக்கு எங்கே தடவினால் பிடிக்கும், எந்தத் தவிட்டைக் கலந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எந்தக் காலை ஊன்ற யோசிக்கிறது என்பதெல்லாம் வீட்டிலிருக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் "வீட்டுக்காரம்மா என்ன செய்யறாங்க?" என்று கேட்டால், "சும்மாதான் வீட்டுல இருக்காங்க" என்றுதான் பதில் வரும்.

அப்படி வீட்டையும் விலங்குகளையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். அவர் நம் ஊர்க்காரர் இல்லை. அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தின் வறண்ட காட்டில், ஆற்றோரப் பண்ணை ஒன்றில் வாழ்ந்தவர். அவர் கவனித்தவை குதிரைகள். அவர் கதைக்குப் போவதற்கு முன், நம் ஊரில் குதிரை பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

குதிரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அதன் மேல் உட்கார்ந்திருப்பவர்தான். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பின்னங்கால்களை ஊன்றி எழும்பி நிற்கும் கல் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் வாளோடும் ஈட்டியோடும் வீரர்கள் இருக்கிறார்கள். ஊர் எல்லையில் சுட்ட மண்ணால் செய்த குதிரை நின்றால், ராத்திரியில் அதன் மேல் ஏறிக் காவல் போகிறவர் சாமி. தீனி வைத்தவருக்குச் சிலை எழுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தீனி வைக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சாட்சி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பொன்னைக் கொட்டி வாங்குகிறார்கள் என்று எழுதினார். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். காரணத்தையும் சொன்னார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடிப்பவர்களையும் வைத்தியர்களையும் வணிகர்கள் வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் விஷயம் புரிகிறது. குதிரையை வாங்கப் பணம் போதும். வைத்துக் காப்பாற்ற அது போதாது.

குதிரை வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது. அதனால் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை வைக்க வேண்டும். மாட்டைப் போல அசை போடாது. கெட்டுப்போனதைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. வயிற்றுவலியில் புரண்டே உயிரை விடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீர் குடிக்கும். வேலை செய்யும் நாளில் இன்னும் அதிகம். குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தைப் பார்க்காவிட்டால் நடை கெட்டுவிடும். பெண்குதிரை பதினொரு மாதம் சுமக்கும். குட்டி விழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்று பால் குடிக்க வேண்டும். நிற்காவிட்டால் வீடே விழித்திருக்கும். லாயம் வைத்திருக்கும் வீட்டில் யாரோ ஒருவருக்கு ஆண்டின் 365 நாளும் விடுமுறை கிடையாது.

குதிரை நமக்கு அவ்வளவு தூரத்து உறவும் இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். ஓசூர் 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குக் குதிரைச் சந்தை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நுக்ரா என்று குதிரைகள் அணிவகுத்து நிற்கும். மேளத்துக்கு ஏற்பக் காலெடுத்து ஆடும். நம் மாவட்டத்திலேயே பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள். சாலை போகாத இடத்துக்கு ஜனநாயகத்தைச் சுமந்தது அந்தக் கழுதைதான். இனி சொல்லப்போகும் பெண், குதிரைக்கும் கழுதைக்கும் சேர்த்தே சட்டம் வாங்கிக் கொடுத்தவர்.

அவர் பெயர் வெல்மா ஜான்ஸ்டன். 1912 மார்ச் 5 அன்று நெவாடாவின் ரீனோ நகரில் பிறந்தார். அப்பா ஜோசப் பிரான், குதிரைகளைக் கட்டிச் சரக்கு வண்டி நடத்தியவர். அவருடைய குதிரைகளில் பல, காட்டிலிருந்து பிடித்துப் பழக்கிய மஸ்டாங்குகள். ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவந்து, தப்பி ஓடிக் காட்டில் பெருகிய குதிரைகளின் வம்சத்துக்கு அந்தப் பெயர். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. ஜோசப் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் மூடுவண்டியில் பாலைவனத்தைக் கடந்தார்கள். வழியில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. வண்டியோடு வந்த ஒரு மஸ்டாங் பெண்குதிரையின் பாலைக் கறந்து கொடுத்துத்தான் குழந்தையைக் காப்பாற்றினார்களாம். தன் அப்பாவின் உயிர் ஒரு காட்டுக்குதிரை போட்ட பிச்சை என்ற நினைப்போடுதான் வெல்மா வளர்ந்தார்.

பதினொரு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தடுப்பு மருந்து வருவதற்கு முப்பது ஆண்டுக்கு முந்தைய காலம் அது. மாதக்கணக்கில் உடம்பு முழுக்க மாவுக்கட்டுப் போட்டு மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது முகமும் முதுகும் கோணியிருந்தன. ஆயுள் முழுக்க வலி போகவில்லை. பள்ளியில் கேலி. வீட்டில் இருந்த விலங்குகளுக்கு மட்டும் அவர் முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. படித்து, சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ரீனோவில் கார்டன் ஹாரிஸ் என்ற இன்சூரன்ஸ் அதிகாரியிடம் செயலாளராகச் சேர்ந்தார். அந்த வேலையில் சுமார் நாற்பது ஆண்டு இருந்தார்.

சார்லி ஜான்ஸ்டனைக் கல்யாணம் செய்துகொண்டு, ட்ரக்கி ஆற்றங்கரையில் வாட்ஸ்வொர்த் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், அப்பாவின் நிலத்தில் பண்ணை நடத்தினார். 'டபுள் லேஸி ஹார்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காலையில் லாயத்து வேலை. பிறகு கார் ஓட்டிக்கொண்டு ரீனோவில் அலுவலகம். மாலையில் திரும்பிவந்து மறுபடியும் லாயமும் சமையலும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வார இறுதிகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் பண்ணையில் வந்து குவிவார்கள். குதிரை ஏறவும், குளம்பு தூக்கிப் பார்க்கவும், சேணம் மாட்டவும் இருவரும் சொல்லிக் கொடுப்பார்கள். ஹோபோ என்ற குதிரை வெல்மாவின் செல்லம். இவ்வளவோடு நின்றிருந்தால், நல்ல மனைவி, நல்ல அண்டைவீட்டுக்காரி, குதிரைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று நாலு வரியில் இரங்கல் குறிப்போடு அவர் கதை முடிந்திருக்கும்.

1950-ல் ஒரு நாள் அலுவலகம் போகும் வழியில், முன்னே போன கால்நடை லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போனார். லாரி நின்ற இடத்தில் எட்டிப் பார்த்தபோது, உள்ளே குண்டடி பட்டும் தோல் கிழிந்தும் மஸ்டாங்குகளை நெருக்கி அடைத்திருந்தார்கள். ஒரு குட்டி மற்றவற்றின் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. எல்லாம் நாய்த்தீனித் தொழிற்சாலைக்குப் போகிற சரக்கு, ராத்தல் சில சென்ட் விலைக்கு.

பிடிக்கும் முறையை விசாரித்துத் தெரிந்துகொண்டார். சிறு விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, ரவைத் துப்பாக்கியால் சுட்டு மிரட்டி, மலையிடுக்கிலிருந்து குதிரைக் கூட்டத்தைச் சமவெளிக்கு விரட்டுவார்கள். அங்கே லாரிகள் துரத்தும். சுருக்குக் கயிறு கழுத்தில் விழும். கயிற்றின் மறுமுனையில் கனமான லாரி டயர் கட்டியிருக்கும். அதை இழுத்து இழுத்து ஓடியே குதிரை மூச்சு வாங்கி விழும். 1961-ல் மர்லின் மன்றோவும் கிளார்க் கேபிளும் நடித்து வெளிவந்த 'தி மிஸ்ஃபிட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மேய்ச்சல் நிலம் தங்கள் மாடுகளுக்கு வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். அரசு அதிகாரிகளும் கண்டுகொள்ளவில்லை. சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை.

வெல்மாவிடம் பணமும் இல்லை, பதவியும் இல்லை. வாக்குரிமையும் தட்டச்சு இயந்திரமும் இருந்தன. இரவில் சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் அடிக்கத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கு, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, பள்ளிகளுக்கு, மகளிர் சங்கங்களுக்கு. சார்லி ஆட்சேபம் சொல்லவில்லை. குதிரைகளை அடைத்திருக்கும் இடங்களுக்குப் படம் எடுக்கக் கூடவே போனார். அலுவலகத்தில் ஹாரிஸும் துணை நின்றார். மிரட்டல்கள் வந்தன. கடிதங்கள் நிற்கவில்லை.

1952-ல் ஸ்டோரி என்ற மாவட்டத்தில் விமானம் வைத்துக் குதிரை பிடிக்க அனுமதி கேட்ட மனு ஒன்று விசாரணைக்கு வந்தது. வெல்மா ஊர்மக்களைத் திரட்டிக்கொண்டு வர்ஜீனியா சிட்டியின் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார். இங்கே ஒரு பத்திரிகைக்காரனாக எனக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. மார்க் ட்வைன் இளம் வயதில் வேலை பார்த்த 'டெரிடோரியல் என்டர்பிரைஸ்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையை அப்போது நடத்திவந்த லூசியஸ் பீபி வெல்மா பக்கம் நின்றார். அந்த மாவட்டத்தில் விமான வேட்டைக்குத் தடை வந்தது. 1955-ல் நெவாடா மாநிலமே தடை விதித்தது. ஆனால் நெவாடாவின் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுடையது. அங்கே அந்தத் தடை செல்லவில்லை. வேலை பாதிகூட முடியவில்லை.

இந்த விசாரணைகளில் ஒன்றில், எதிர்த்தரப்பில் இருந்த ஓர் அதிகாரி நக்கலாக 'வைல்ட் ஹார்ஸ் ஆன்னி' என்று அவரைக் குறிப்பிட்டார். காட்டுக்குதிரைக்காரி என்று நம் ஊரில் கேலி பேசுவார்களே, அதே தொனி. வெல்மா கோபப்படவில்லை. அந்தப் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். வைதவர் பெயர் மறந்துபோய், வைத பெயர் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்து டெல்லிக்குப் போவதுபோல வாஷிங்டனுக்குப் போக வேண்டியிருந்தது. நெவாடாவின் காங்கிரஸ் உறுப்பினர் வால்டர் பேரிங் மசோதா கொண்டுவந்தார். 1959 ஜூலையில் வெல்மா நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். கண்ணீர் விட்டுப் பேசி அனுப்பிவிடப்படும் பெண்ணாக அவர் போகவில்லை. படங்கள், கணக்குகள், நிலவுடைமை விவரங்கள், எந்தச் சட்டத்தில் எங்கே ஓட்டை என்பது வரை கையில் வைத்திருந்தார். செப்டம்பர் 8 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். பொது நிலத்தில் விமானம், மோட்டார் வண்டி வைத்துக் காட்டுக்குதிரையையும் கழுதையையும் வேட்டையாடுவதும், அவை குடிக்கும் நீர்நிலையில் விஷம் வைப்பதும் குற்றமாயின. மக்கள் அதை 'வைல்ட் ஹார்ஸ் ஆன்னி சட்டம்' என்றே சொன்னார்கள்.

சட்டம் வந்தும் வேட்டை முழுதாக நிற்கவில்லை. பாதுகாக்கும் பொறுப்பை அந்தச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இதற்கிடையே சார்லிக்கு நுரையீரல் நோய். பண்ணை, வேலை, கடிதம் எல்லாவற்றோடும் கணவருக்குப் பணிவிடையும் சேர்ந்தது. 1964-ல் சார்லி இறந்தார். பண்ணையை விட்டு ரீனோவுக்குக் குடிபெயர்ந்தார் வெல்மா. இனி நமக்கென்ன என்று ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறுபடியும் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

இந்த முறை குழந்தைகளைக் கூட்டுச் சேர்த்தார். மார்கரீட் ஹென்றி என்ற எழுத்தாளர் 1966-ல் அவர் வாழ்க்கையைச் சிறுவர் புத்தகமாக எழுதினார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். உறுப்பினர்களின் அலுவலகங்களில் பென்சில் எழுத்துக் கடிதங்கள் மலையாகக் குவிந்தன. 1971-ல் இரு அவைகளிலும் எதிர்ப்பே இல்லாமல் புதிய சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்டார். காட்டுக்குதிரைகளும் கழுதைகளும் நாட்டின் மேற்குப் பகுதியின் வரலாற்று உணர்வுக்கு உயிருள்ள சின்னங்கள் என்று அச்சட்டம் ஏற்றது. அவற்றைக் காக்கும் பொறுப்பை மத்திய அரசின் தலையில் வைத்தது. ரத்தம் சொட்டிய லாரியைப் பார்த்த நாளிலிருந்து 21 ஆண்டு ஆகியிருந்தது.

1977 ஜூன் 27 அன்று, 65 வயதில், புற்றுநோயால் வெல்மா இறந்தார்.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது. காப்பாற்றப்பட்ட குதிரைகள் பெருகின. 1971-ல் கழுதைகளையும் சேர்த்துச் சுமார் 25,000 என்று கணக்கிட்ட கூட்டம், பிற்பாடு அந்த வறண்ட நிலம் தாங்கும் அளவை மீறியது. புல்லுக்கும் தண்ணீருக்கும் மாடு, மான், குதிரை மூன்றுக்கும் போட்டி. 1976-ல் ஹெலிகாப்டர் வைத்துப் பிடிக்க அரசுக்கே அனுமதி தரப்பட்டது. இன்று பல்லாயிரம் குதிரைகள் அரசுப் பட்டிகளில் நின்றபடி தீனி தின்கின்றன. செலவு யாருடையது என்று இன்னும் வழக்காடுகிறார்கள். வெல்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. மிஞ்சிய குதிரைகளை விருப்பப்பட்ட குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுக்கலாம் என்று அவர் காலத்திலேயே ஏற்பாடு தொடங்கியது. அதற்கு அவர் உழைத்தார். குதிரையைத் தெய்வமாக்கிக் கும்பிட்டவர் அல்ல அவர். பண்ணைக்காரி. எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் குறைக்கலாம், சித்திரவதை மட்டும் கூடாது என்பதுதான் அவர் வழக்கு.

நெவாடாவில் இது நடந்த அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்து ஒரு பெண் டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயன்தான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ஒருவர் நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றவர், மற்றவர் தட்டச்சு செய்து சம்பளம் வாங்கியவர். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஓராண்டு இடைவெளியில் வந்தன.

நம் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த விதிகளை வண்டி வைத்திருப்பவர்களும் பொதி ஏற்றுபவர்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. கழுதைக்கு 50 கிலோ. கோவேறு கழுதைக்கு 200 கிலோ. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு தர வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். கடைசி விதி மனிதருக்கும் வேண்டும் போலிருக்கிறது.

இந்த விதிகள் எந்த விலங்குகளைக் காக்க வந்தனவோ, அவை வேகமாகக் குறைகின்றன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம். கழுதைகளின் வீழ்ச்சி இன்னும் பெரிது. ஏழே ஆண்டில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் குறைந்துவிட்டன. ஷேர் ஆட்டோ வந்ததும் ஜட்கா போனது. குட்டியானை வண்டி வந்ததும் பொதிக் கழுதை போனது. இதில் எல்லாவற்றுக்கும் வருந்த வேண்டியதில்லை. சுமை இறங்கியது விலங்குக்கு நல்லதுதான். ஆனால் அந்த விலங்கைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களின் அறிவும் சேர்ந்தே போகிறது. வெளுப்புத் துணி மூட்டையைக் கழுதையின் முதுகில் இரு பக்கமும் சரியாமல் கட்டத் தெரிந்த பாட்டிகள், ஜட்காக் குதிரைக்குக் கொள்ளை ஊறவைத்து எந்தப் பதத்தில் வைக்க வேண்டும் என்று அறிந்த அம்மாக்கள், வண்டிக்காரர் குடித்துவிட்டுப் படுத்த நாளில் தானே கடிவாளம் பிடித்து ஸ்டேஷனுக்குச் சவாரி போய்ப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் காசு கொண்டுவந்த பெண்கள். இவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதிவைக்கவில்லை நாம்.

புரூக் என்ற விலங்கு நல அமைப்பு 2014-ல் இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கென்யா நாடுகளில் குதிரை, கழுதை வைத்திருக்கும் வீட்டுப் பெண்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் வருமானத்துக்கும், எங்கள் இடுப்பும் தலையும் சுமக்க வேண்டிய பாரத்துக்கும் கைகொடுப்பது இந்த விலங்குதான் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அமைப்பு பிறந்ததே ஒரு கடிதத்தில்தான். 1931-ல் கெய்ரோவில் இருந்த டாரதி புரூக் என்ற பெண், முதல் உலகப் போரில் ஓடாய்த் தேய்ந்து எகிப்தில் கைவிடப்பட்ட ராணுவக் குதிரைகளைப் பார்த்துவிட்டு லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். ஐயாயிரம் குதிரைகளை வாங்கி மீட்டார். 1934-ல் கெய்ரோவில் குதிரை மருத்துவமனை எழுந்தது.

இத்தனையும் சொல்லிவந்ததற்குக் காரணம் உண்டு. விலங்கைக் கவனித்து, நோயாளியைக் கவனித்து, பிள்ளைகளைக் கவனித்துப் பழகிய ஒருவரிடம் ஒரு பொறுமை சேர்கிறது. இன்று வைத்த தீனிக்கு இன்றே பலன் கேட்காத பொறுமை. 21 ஆண்டு கடிதம் எழுத அந்தப் பொறுமைதான் வேண்டும். மேடையில் முழங்குகிறவர்களுக்கு அது வாய்ப்பதில்லை. வெல்மா வீட்டு வேலையை உதறிவிட்டுப் பொதுவேலைக்கு வரவில்லை. லாயத்தில் கற்றதைத்தான் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார். ஆகவே, "சும்மாதான் இருக்காங்க" என்று சொல்வதை நாம் முதலில் நிறுத்த வேண்டும். கணக்கெடுப்புக்கு வருகிறவர் கேட்டாலும் சரி, பெண் பார்க்க வந்தவர் கேட்டாலும் சரி, கால்நடை வளர்க்கிறார் என்று வேலையின் பெயரைச் சொல்லிப் பழகுவோம்.

இனி உங்கள் முறை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ குதிரை, மட்டக்குதிரை, கழுதை வளர்த்த பெண்கள் யாராவது இருந்தால், இன்றும் இருந்தால், அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். என்ன தீனி வைத்தார்கள், நோய் வந்தால் என்ன கைவைத்தியம் செய்தார்கள், அந்த விலங்குக்கு என்ன பெயர், விற்ற அன்று வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சம்மதம் பெற்று எழுதி அனுப்புங்கள். மாடு, ஆடு வளர்ப்பவர்களைப் பற்றியும் எழுதலாம். நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எழுத்துப்பிழையைத் திருத்த நாங்கள் இருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்றால், பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வந்த கடிதங்களை அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்
கம்பைநல்லூர்